ஆர்வில் பிரேட்டர் எந்தக் கட்சி?

அத்தியாயம் 4

முடிவெட்டிக்கொண்டே துப்பறிவது ஹோபர்ட் ஃபுகேட்டுக்குப் பிடிக்காது. தலையை ஆட்டக் கூடாது, கையை நீட்டக் கூடாது, போதாக்குறைக்கு விசாரிக்கப்படுகிறவளின் கையில் கத்தரிக்கோல். ஆனால் மிஸ் ரீவா உத்தரவு போட்டுவிட்டார்.

"அவ கைக்கு வேலை குடுத்தாத்தான் வாய் தெறக்கும். போய் உக்காரு."

உட்கார்ந்தான். மிஸ் ரீவா ஸ்டர்கில் சொன்னால் இந்தக் கவுண்டி என்கிற குட்டி மாவட்டத்தில் யாரும் உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து இழுத்து வருவதுதான் இருபத்திரண்டு வருஷம் அவருக்கு வேலை. ஓய்வு பெற்றதும் துப்பறியும் லைசென்ஸ் வாங்கி, அதே வேலையைப் பெரியவர்களிடம் தொடர்ந்தார். உதவியாளன் ஹோபர்ட் முன்னாள் ஜெயிலர். இங்கே ஜெயிலரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு முறை ஜெயித்தான், மூன்றாம் முறை ஒன்பது ஓட்டில் தோற்றான். அந்த ஒன்பதில் ஒன்று தன் சொந்த அத்தையுடையது என்று இன்றுவரை சந்தேகப்படுகிறான்.

கத்தரிக்கோல் டெல்ஃபா பிரேட்டரின் கையில் இருந்தது. அப்பா வீட்டின் முன்னறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். அப்பா ஆர்வில் பிரேட்டர் எட்டு வாரத்துக்கு முன், தேர்தல் முடிந்த மறுநாள் காலை, காபிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வயது எண்பத்து மூன்று.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஜட்ஜ் முன்னால உயிலைப் படிப்பாங்க மிஸ்," என்றாள் டெல்ஃபா. "ஒன்பதே காலுக்கு இந்த வீடு எங்கண்ணன் எஸ்டிலோடது. பத்து மணிக்கு அவன் இதை லெக்சிங்டன்காரன் ஒருத்தனுக்கு வித்துடுவான். சுற்றுலாக்காரங்களுக்குக் கூடாரம் போடப் போறாங்களாம். நான் சீப்பையும் டிரையரையும் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"காதைப் பாத்து வெட்டும்மா," என்றான் ஹோபர்ட். "அது என் சொத்து. உயில்ல வராது."

மிஸ் ரீவா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உயிலின் நகலைப் படித்தார். ஆர்வில் தன் கைப்பட எழுதியது, மொத்தமே நாலு வரி. 'வீடும் மலையடி நிலமும், நான் சாகும் நாளில் என் கட்சியில் பதிவாகியிருக்கும் என் பிள்ளைக்கு.'

"இங்க வேற ஏதோ எழுதி அடிச்சிருக்காரே."

"முதல்ல 'ஜனநாயகக் கட்சி'ன்னு எழுதி, அப்புறம் அடிச்சிட்டு 'என் கட்சி'ன்னு போட்டிருக்கார். பக்கத்துல கையெழுத்தும் இருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே மிஸ்? எங்கப்பாவை விடப் பெரிய டெமாக்ரட் இந்தக் கவுண்டில யாரு?"

அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் காலத்து ஓட்டுச் சீட்டில் ஜனநாயகக் கட்சிக்குச் சேவல் படம், குடியரசுக் கட்சிக்கு மரக்குடில் படம். படங்கள் போய் எத்தனையோ வருஷமாகியும் பெரிசுகள் இன்னும் 'சேவலுக்குப் போடு' என்றுதான் சொல்வார்கள். ஆர்வில் வீட்டுக் கூரையில் தகரச் சேவல் சுற்றும். தேர்தல் முடிவு வந்ததும் அவர் வாசலுக்கு வந்து, ஜெயித்தாலும் தோற்றாலும், பள்ளத்தாக்கே கேட்கும்படி கூவுவார். இந்த நவம்பரிலும் கூவினார். அந்தக் கூவல்தான் மாரடைப்பைக் கொண்டுவந்தது என்பது டெல்ஃபாவின் வாடிக்கையாளர்கள் செய்த மருத்துவ முடிவு.

"உன் பதிவு?" என்றார் மிஸ் ரீவா. இங்கே வாக்காளர் பட்டியலில் பெயரோடு கட்சியையும் பதிய வேண்டும்; மே மாத உள்கட்சித் தேர்தலில் பதிந்த கட்சிக்குள்தான் ஓட்டு, நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் போடலாம்.

"ரிபப்ளிகன்," என்றாள் டெல்ஃபா, ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. "கல்யாணம் பண்ணிப் போன கவுண்டில எல்லாரும் உள்நாட்டு யுத்தத்துலேர்ந்தே ரிபப்ளிகன். அங்க அந்த உள்கட்சித் தேர்தல்ல ஓட்டு இல்லேன்னா ஷெரிஃப் வீட்டுப்பக்கம்கூட எட்டிப் பாக்கமாட்டார். அதனால பதிஞ்சேன். விவாகரத்தாகித் திரும்பி வந்தப்ப விலாசத்தை மட்டும் மாத்தினேன், கட்சி அப்படியே நின்னுடுச்சு. ஆனா நவம்பர்ல நான் குத்தறது எப்பவும் சேவலுக்குத்தான். எஸ்டில் பதிவுல டெமாக்ரட், பன்னிரண்டு வருஷமா குத்தறது அந்தப் பக்கம். அவன் பதிவு அப்பாவோட, ஓட்டு எவனோடவோ. என் பதிவு எவனோடவோ, ஓட்டு அப்பாவோட. இப்ப பதிவுக்கு வீடாம், ஓட்டுக்கு ஒண்ணும் கிடையாதாம்."

"ஓட்டு ரகசியம்மா. அதை யாரும் கோர்ட்டுல காட்ட முடியாது. நீ ஏன் பதிவை மாத்தல?"

கத்தரிக்கோல் நின்றது. ஹோபர்ட்டின் தலையும் பாதியில் நின்றது.

"அதுக்குத்தான் மிஸ் உங்களைக் கூப்பிட்டேன். போன வருஷம் டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி மாத்தறதுக்குக் கிளம்பினேன். அதான் கடைசி நாள், விட்டா மே மாசம் ஓட்டு இல்ல. அப்பா என் வண்டிச் சாவியை எடுத்து சோளமாவு டப்பாக்குள்ள புதைச்சுட்டார். ஆபீஸ் மூடினப்புறம் எடுத்துக் குடுத்தார். ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு கத்தினேன். 'மேசைக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும் டெல்ஃபா'ன்னார். வயசாயிடுச்சு, ஒளர்றார்னு விட்டுட்டேன். ரெண்டு நாள் அவரோட பேசல." சீப்பில் ஒட்டிய முடியை ஊதினாள். "அப்ப உயில் எழுதி ஒரு வருஷம் ஆயிருக்கு. மாத்த விடாம என்னைப் பிடிச்சு வெச்சுட்டு, மாத்தாததுக்கே வீட்டைப் பிடுங்கியிருக்கார். வீடு போனாக்கூடப் பரவாயில்ல மிஸ். அவர் மூணு வேளையும் நான் சமைச்சதைத் தின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரான்னு எனக்குத் தெரியணும்."

மிஸ் ரீவாவின் கண் முகம் பார்க்கும் கண்ணாடியின் சட்டத்தில் செருகியிருந்த பழைய போட்டோவில் இருந்தது. அப்பர் லாரல் வாக்குச்சாவடி மேசையில் நாலு பேர். டெல்ஃபாவின் அம்மா இமோஜீன், எதிரே இளம் ஆர்வில், கூட இரண்டு பேர். மூன்று பேர் மார்பில், எழுத்து மங்கிய கட்சிக் காகிதப் பட்டை குத்தியிருந்தது. ஆர்வில் மார்பில் பட்டை இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. அவர் முன்னால் ஆப்பிள் அடுக்கு கேக் ஒன்று, கழுத்து வரை நின்றிருந்தது.

"இதை எடுத்துக்கறேன்," என்றார். "ஹோபர்ட், கிளம்பு."

"மிஸ், பாதிதான் வெட்டியிருக்கு."

"மீதியைத் தொப்பி பாத்துக்கும்."

*

ஆர்விலின் வக்கீல் காடிலை மத்தியான வேளையில் ஆபீசில் தேடுவது வீண். சாப்பாட்டுக் கடையில், கடைசி மேசையில், பீன்ஸ் சூப்பில் சோளரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே எஸ்டில் பிரேட்டர், நல்ல உயரம், நல்ல பசி. தலையில் குடியரசுக் கட்சியின் சிவப்புத் தொப்பி.

மிஸ் ரீவாவைப் பார்த்ததும் நாற்பத்தொன்பது வயது எஸ்டில் பாதி எழுந்துவிட்டான். "மிஸ் ரீவா, இன்னைக்கு லீவு நாள். நான் மட்டம் போடல."

"உக்காரு. தொப்பி ஒரு கட்சி, பதிவு ஒரு கட்சியாமே. தலை எந்தப் பக்கம்?"

"தலை நவம்பர்ல இந்தப் பக்கம் மிஸ். ஆனா ஷெரிஃப், ஜெயிலர், கிளார்க் எல்லாம் மே மாசம் டெமாக்ரட் உள்கட்சித் தேர்தல்லயே முடிவாயிடுது. அங்க பதிவு இல்லாதவன் ஊர்ல இருந்தும் இல்லாதவன். பாதி கவுண்டி இப்படித்தான். ஹோபர்ட்டைக் கேளுங்க, அவனும் அப்படித்தான்."

"நான் யாருக்குப் போட்டேன்னு எனக்கே சொல்லிக்கறதில்ல," என்றான் ஹோபர்ட், வக்கீலின் ரொட்டிக் கூடையைத் தன் பக்கம் நகர்த்தியபடி.

"யோவ், தொப்பியைக் கழட்டிட்டுச் சாப்பிடு," என்றார் வக்கீல்.

"வேண்டாம். உங்க பசி போயிடும்."

மிஸ் ரீவா உயிலை மேசைமேல் விரித்தார். "காடில், இந்த வரி யாரோட யோசனை?"

வக்கீல் வாயைத் துடைப்பதற்குள் எஸ்டில் முந்திக்கொண்டான். "என்னோடது. எதுக்கு மறைக்கணும்? ரெண்டு வருஷம் முன்னால அப்பா வீட்டுச் சமையலறையில உக்காந்து பேசினோம். அவரு யாருக்குக் குடுக்கறதுன்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. நான்தான் சொன்னேன், உங்க கட்சியில நிக்கற பிள்ளைக்குக் குடுங்க, அதுல யாரும் குத்தம் சொல்ல முடியாதுன்னு. 'ஜனநாயகக் கட்சியில் பதிவாகியிருக்கும் பிள்ளைக்கு'ன்னு நான் சொல்லச் சொல்ல எழுதினாரு."

"நான் அங்கதான் இருந்தேன்," என்றார் வக்கீல். "எழுதி முடிச்சிட்டுப் பேனாவைக் கீழ வெக்காம கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தார். அப்புறம் அடிச்சிட்டு 'என் கட்சி'ன்னு போட்டார். ஏன்னு கேட்டேன். 'சுருக்கமா இருக்கு'ன்னு சொல்லிட்டுச் சிரிச்சார்."

"எப்படிச் சிரிச்சார்?"

வக்கீல் கரண்டியை வைத்துவிட்டு யோசித்தார். "சீட்டாட்டத்துல நல்ல சீட்டு வந்தவன் சிரிக்காம இருக்கப் பாப்பானே, அந்த மாதிரி."

"எத்தனை பேர் பதிவை எடுத்துப் பாத்தீங்க?"

"ரெண்டு பேரோடதும் பாத்துட்டேன். எஸ்டில் டெமாக்ரட், டெல்ஃபா ரிபப்ளிகன். சந்தேகத்துக்கு இடமே இல்ல."

"ரெண்டு பேர்," என்றார் மிஸ் ரீவா, உயிலைப் பையில் வைத்தபடி. "சரி, சூப் ஆறிடப் போகுது."

அவர் போவதையே எஸ்டில் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நடை அவனுக்குத் தெரியும். ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவனை நோக்கி அவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் அப்படித்தான் நடந்து வந்தார்.

*

வண்டி அப்பர் லாரல் சேற்றில் முனகிக்கொண்டு ஏறியது. ஹோபர்ட் ஓட்ட, மிஸ் ரீவா போட்டோவை அவன் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இது யாரு?"

"எங்கம்மா."

"என்ன கட்சி?"

"இதை எங்கம்மாகிட்டயே கேட்டிருந்தீங்கன்னா இரும்புச் சட்டியாலதான் பதில் வந்திருக்கும். டெமாக்ரட். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாவும் சேவலுக்குத்தான் போடுவேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்தாரு."

"இமோஜீன்?"

"டெமாக்ரட் மகளிர் சங்கத்துக்கே செயலாளர்."

"இந்த நெட்டையன்?"

"கிளெட்டஸ் ரிஸ்னர். அப்பர் லாரல்ல இருந்த ஒரே ரிபப்ளிகன் குடும்பம்."

"உயிரோட இருக்காரா?"

"நேத்து தபாலாபீஸ்ல என்னைத் திட்டினாரு. அதுக்கப்புறம் தெரியாது."

"நேரா அங்க விடு. நாலு மணிக்குக் கிளார்க் ஆபீஸ் மூடிடுவாங்க, அதுக்குள்ள திரும்பணும்."

ஹோபர்ட் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றினான். மிஸ் ரீவா எதையோ பிடித்துவிட்டார் என்று தெரிந்தது. எதை என்று கேட்டால் சொல்லமாட்டார், கேட்காவிட்டால் கேட்கவில்லையே என்று சொல்லிக்காட்டுவார். அதனால் அவன் வானிலையைப் பற்றிப் பேசினான்.

கிளெட்டஸ் ரிஸ்னருக்கு எண்பத்தெட்டு வயது, மூன்று வேட்டை நாய்கள், ஒரு காது. மற்றக் காது நிலக்கரிச் சுரங்கத்தில் போனது. நாய்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா ரீவா, நான் படிச்சு முடிச்சுட்டேனே. டேய் ஹோபர்ட், இந்தக் குளிர்ல தொப்பியை ஏன்டா ஒரு பக்கமா இழுத்துவிட்டிருக்கே?"

"ஃபேஷன் மாமா."

மிஸ் ரீவா அவருடைய நல்ல காதுப் பக்கம் போய் நின்று போட்டோவை நீட்டினார். "கிளெட்டஸ், தேர்தல் மேசைல எத்தனை பேர் உக்காரணும்?"

"நாலு. ரெண்டு அவங்க, ரெண்டு நாங்க. பாதிக்குப் பாதி. அதான் சட்டம்."

"இதுல உங்க பக்கம் யாரெல்லாம்?"

கிழவர் போட்டோவைப் பார்த்தார். பிறகு மிஸ் ரீவாவைப் பார்த்தார். பொக்கைவாய் மெல்ல விரிந்தது. "அறுபது வருஷம் ஆச்சு, இதைக் கேக்க ஒருத்தருக்கும் தோணல."

ஹோபர்ட் விரல் விட்டு எண்ணினான். அம்மா ஒன்று, இமோஜீன் இரண்டு. அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. இந்தப் பக்கம் கிளெட்டஸ் ஒன்று. மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள், ஒரு கேக்குக்குப் பின்னால். ஆர்வில் பிரேட்டர் மேசையில் உட்கார்ந்திருந்ததை இந்தப் பள்ளத்தாக்கே பார்த்திருக்கிறது. டெமாக்ரட் பக்கம்தான் என்று எல்லாரும் எண்ணினார்கள். மேசையை எண்ணிப் பார்த்தவர்தான் ஒருவருமில்லை.

"மிஸ்," என்றான். "கூரைமேல சேவல் சுத்துதே?"

"சேவலுக்குப் பதிவு கிடையாது ஹோபர்ட். சொல்லுங்க கிளெட்டஸ்."

"எங்க பக்கம் நானும் எங்கண்ணனும் உக்காந்திருந்தோம். அறுபத்து மூணுல அண்ணன் டெட்ராய்ட்டுக்குக் கார் பண்ற வேலைக்குப் போயிட்டான். அப்பர் லாரல்ல வேற ரிபப்ளிகன் கிடையாது, என் நாயைத் தவிர. ஆள் இல்லேன்னா சாவடியை மூடிடுவோம், எல்லாரும் மலைக்கு அந்தப் பக்கம் போய் ஓட்டுப் போடுங்கன்னுட்டாங்க. அப்பத்தான் ஆர்வில், இருபத்திரண்டு வயசு, நேரா டவுனுக்குப் போய் ரிபப்ளிகன்னு பதிஞ்சுட்டு வந்து நின்னான்."

"ஊர் மேல அவ்வளவு பாசமா?" என்றான் ஹோபர்ட்.

"ஊராவது ஒண்ணாவது. டெமாக்ரட் பக்கம் அந்த வருஷம் புதுசா ஒரு பொண்ணைப் போட்டிருந்தாங்க. இமோஜீன். அவ அப்பன் ஆர்விலை வாசல் பக்கமே விடமாட்டான். இந்த மேசைல உக்காந்துட்டா காலைல ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அவ எதிர்லயே இருக்கலாம். எழுந்து போடான்னு அவ அப்பனால சொல்ல முடியாது. சட்டம்." கிழவர் சிரித்த சிரிப்பில் நாய்கள் தீனியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தன.

"கல்யாணத்துக்கப்புறம் மாத்தியிருக்கலாமே?"

"எப்படி மாத்தறது? ரெண்டு பேரும் ஒரே பக்கம் ஆயிட்டா ஒருத்தர் எழுந்திருக்கணுமே. எண்பத்தொண்ணுல ஒரு தடவை மாட்டிக்கிட்டான். இமோஜீன் கவுண்டி கிளார்க் பதவிக்கு நின்னா. மே மாசத் தேர்தல், டெமாக்ரட் மட்டும்தான் போட முடியும். இவன் மாத்திக்கணும்னு நினைச்சுக்கிட்டே இருந்து தேதியை விட்டுட்டான். அவ ஒரு ஓட்டுல தோத்தா."

"ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு. அந்த ஓட்டு எதிர்லயே உக்காந்து தினம் அவ செஞ்ச ரொட்டியைத் தின்னுக்கிட்டிருந்தது. மூணு வாரம் இவனுக்கு வீட்ல சாப்பாடு கிடையாது. நான்தான் வேலிமேல தட்டு வெச்சேன்." கிழவர் போட்டோவை இன்னொரு முறை பார்த்தார். குரல் இறங்கியது. "அப்புறம் அவளே சொல்லிட்டாளாம். ஜெயிச்சிருந்தா அந்த மேசைல நான் உக்காந்திருக்க முடியாதுய்யா, நீ இருக்கற பக்கமே இருன்னு. அவ போய்ப் பதினாலு வருஷமாச்சு. அவன் இருந்த பக்கமே இருந்தான். முழங்கால் விட்டுப்போற வரைக்கும் அந்த நாற்காலியை விடல."

"இந்தக் கேக்?"

"கட்சிப் பட்டையை அவன் குத்தறதே இல்ல, அது தெரியாம இருக்க அவனே இழுத்து முன்னால வெச்சுக்கிட்டான். படம் பேப்பர்ல வரும்னு போட்டோக்காரன் சொல்லிட்டானே."

*

கவுண்டி கிளார்க் ஆபீசின் சுவர்க் கடிகாரம் நாலாவதற்குப் பன்னிரண்டு நிமிஷம் காட்டியது. கவுண்டரில் இருந்த நெடீன் சாவிக்கொத்தைக் கையில் எடுத்துவிட்டாள். மிஸ் ரீவாவைப் பார்த்ததும் திரும்ப வைத்தாள், அவளும் அவரிடம் பிடிபட்ட பிள்ளைதான்.

டவுனுக்குள் வந்து போனில் சிக்னல் கிடைத்ததும் மிஸ் ரீவா செய்த முதல் வேலை டெல்ஃபாவைக் கூப்பிட்டது. அவள் ஏப்ரனோடு ஓடி வந்திருந்தாள், பையில் கத்தரிக்கோலும் கூடவே வந்திருந்தது. எஸ்டிலை யாரும் கூப்பிடவில்லை. வண்டி அப்பர் லாரல் பக்கம் போனதைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வக்கீலை, சட்டையில் சூப் கறையோடு, இழுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"நெடீன், ஒரு பதிவு பாக்கணும்," என்றார் மிஸ் ரீவா. "பிரேட்டர்."

"வக்கீலுக்கு ரெண்டும் எடுத்துக் குடுத்துட்டேனே மிஸ்."

"மூணாவது பிரேட்டர். ஆர்வில்."

எஸ்டில் சிரித்தான். "அப்பா பதிவா? அதை எதுக்கு? சூரியன் எந்தப் பக்கம் உதிக்குதுன்னும் பிரிண்ட் எடுங்க."

பிரிண்டர் கரகரத்தது. நெடீன் தாளை எடுத்து, படித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி படித்து, ஒன்றும் பேசாமல் ஹோபர்ட்டிடம் கொடுத்தாள். ஹோபர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். ஜெயிலராகப் பதவியேற்றபோதுகூட அவன் இவ்வளவு கவனமாக எதையும் வாசித்ததில்லை.

"பிரேட்டர், ஆர்வில். பதிவான நாள், 1963 செப்டம்பர் ஒன்பது. கட்சி, குடியரசுக் கட்சி. மாற்றங்கள், இல்லை."

வக்கீல் காடில் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"கம்ப்யூட்டர் தப்பு," என்றான் எஸ்டில்.

நெடீன் உள்ளே போய் இழுப்பறை ஒன்றைத் திறந்து, ஓரம் பழுத்த அட்டையைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். நீல மசியில் இருபத்திரண்டு வயதுக் கையெழுத்து. ஆர்வில் என்பதன் முதல் எழுத்தின் தலையில் வீட்டுக் கூரைபோல ஒரு கோடு. மிஸ் ரீவா பக்கத்தில் உயிலை வைத்தார். அடித்துத் திருத்திய இடத்தில் இருந்த கையெழுத்திலும் அதே கூரை.

வக்கீல் இரண்டையும் பார்த்துவிட்டு உயிலை உரக்கப் படித்தார். "'என் கட்சியில் பதிவாகியிருக்கும் என் பிள்ளைக்கு.'" அவர் பார்வை டெல்ஃபாவிடம் போய் நின்றது. "அம்மா, நாளைக்குக் காலைல கோர்ட்டுக்கு நல்ல சட்டை போட்டுக்கிட்டு வா. வீடு உன்னோடது."

டெல்ஃபா அந்த அட்டையைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். மிஸ் ரீவா அவளுக்கு அந்த மேசையைப் பற்றி, டெட்ராய்ட்டுக்குப் போன அண்ணனைப் பற்றி, எழுந்து போ என்று சொல்ல முடியாத அப்பனைப் பற்றி, அந்த ஒரு ஓட்டைப் பற்றி, கிளெட்டஸ் சொன்னதை எதையும் விடாமல் சொன்னார். எஸ்டிலும் கேட்டுக்கொண்டு நின்றான். பாதியில் டெல்ஃபா சிரித்தாள், முடிக்கும்போது அழுதாள்.

"மாவு டப்பா," என்றாள். "நான் அவரோட ரெண்டு நாள் பேசல மிஸ். எனக்காகத்தான் பண்ணியிருக்கார், நான் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன்."

"அவருக்கு அது பழக்கம்தான்," என்றான் ஹோபர்ட். "உங்கம்மா மூணு வாரம்."

எஸ்டில் அட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்த வரியை நான்தான் சொன்னேன்," என்றான், யாரிடமும் இல்லாமல். "என் வாயாலேயே சொன்னேன். சுருக்கமா இருக்குன்னாரு." பிறகு நிமிர்ந்தான். முகத்தில் கோபம் இருந்தது, ஆனால் அது நிற்க இடம் தேடிக்கொண்டிருந்தது. "அப்ப ஒவ்வொரு தேர்தலுக்கும் சேவல் மாதிரிக் கூவினாரே, அது என்ன? நவம்பர்ல உண்மையில யாருக்குத்தான் போட்டாரு?"

"அது யாருக்கும் தெரியாது," என்றார் மிஸ் ரீவா.

"தெரிஞ்ச ரெண்டு பேரும் மலைமேல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்காங்க," என்றான் ஹோபர்ட். "அவங்க சொல்லப் போறதில்ல."

எஸ்டில் அதற்கு அரைச் சிரிப்பு சிரித்தான். அவனை மீறி வந்துவிட்டது.

நெடீன் கடிகாரத்தைப் பார்த்தாள். "டெல்ஃபா, மாத்தணும்னா நாளைக்குத்தான் கடைசி நாள். நாளைக்கு உனக்குக் கோர்ட். இப்பவே கையெழுத்துப் போட்டுடறியா?" படிவத்தை நகர்த்தினாள். "கேட்டுட்டேன், அவ்வளவுதான். சொல்லப்போனா அப்பர் லாரல் மேசைல உங்கப்பா நாற்காலிக்கு ரெண்டு வருஷமா வெளியூர் ரிபப்ளிகனைத்தான் கூட்டிட்டு வந்து ஓட்டறோம். வர்ற மே மாசம் அந்த ஆளும் வரலைன்னுட்டாரு. ஆள் கிடைக்கலேன்னா சாவடியை மூடிடுவாங்க."

டெல்ஃபா படிவத்தைப் பார்த்தாள். வெகுநேரம் எல்லாம் பார்க்கவில்லை. அதைத் திருப்பி நெடீன் பக்கமே தள்ளினாள்.

"இருக்கட்டும். மேசைக்கு ரெண்டு பக்கமும் ஆள் வேணும்."

"அப்ப உன் பேரை எழுதிக்கறேன். நல்லது. இன்னொரு பக்கமும் ஒரு நாற்காலி காலிதான், ஒரு காலத்துல உங்கம்மா உக்காந்தது. அதுக்கு டெமாக்ரட் வேணும்."

சொல்லிவிட்டு நெடீன் பேனாவைத் தேடினாள். மற்ற எல்லாரும் கதவருகே நின்ற எஸ்டிலைப் பார்த்தார்கள், பிறகு அவன் தலையைப் பார்த்தார்கள். எஸ்டில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பினான்.

"பதிவைத்தானே பாப்பீங்க? தொப்பியைப் பாக்கமாட்டீங்களே?"

"பதிவு மட்டும்தான்," என்றாள் நெடீன்.

டெல்ஃபா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, ஹோபர்ட்டை வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்து, அவன் தொப்பியைப் பிடுங்கினாள். வக்கீல் காடில் அந்தத் தலையைப் பார்த்துவிட்டு மரியாதைக்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எஸ்டில் கதவை விட்டு இரண்டடி உள்ளே வந்தான்.

"காலைல ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உன் எதிர்ல நான் உக்காந்திருப்பேன்," என்றான் தங்கையிடம். "எழுந்து போன்னு உன்னால சொல்ல முடியாது."

டெல்ஃபா ஹோபர்ட்டின் காதை மடக்கிப் பிடித்து வெட்டத் தொடங்கினாள்.

"முடியாது," என்றாள். "சட்டம்."